பெரிய துப்பாக்கி வாங்குகிறவனுக்கு என்ன குறை?

#1 டல்லாஸ்வாசி (சனி, இரவு 10.50)

இன்று மதியம் முதல்முறையாக டெசர்ட் ஈகிள் என்கிற பெரிய கைத்துப்பாக்கியால் சுட்டேன். சுட்டதைவிட, அதற்கு அப்புறம் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கத்தான் இந்த இழை.

அலுவலக நண்பர் ஒருவர், நம்ம ஊர்க்காரர், இரண்டு மாதம் முன்னால் அதை வாங்கினார். .50 ஏ.இ. தோட்டா, அதாவது அரை அங்குலத் தடிமன்; ஆறு அங்குலக் குழல். கறுப்பிலும் கிடைக்கும், வெள்ளி நிறத்திலும் கிடைக்கும். இவர் வாங்கியது தங்க நிறம், மேலே புலிக்கோடு போட்டது. பெட்டியைத் திறந்து காட்டியபோது எனக்கு ஒட்டியாணம்தான் ஞாபகம் வந்தது. கையில் வாங்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. பிடி அவ்வளவு அகலம், பக்கவாட்டில் இருக்கும் பூட்டுக்கு என் கட்டைவிரல் எட்டவே இல்லை.

ஊருக்கு வெளியே ஓர் உள்ளரங்கச் சுடுதளம். அவர் முதல் குண்டு சுட்டதும் குழல் முனையில் பூசணிக்காய் அளவுக்கு நெருப்புப் பந்து. கூரை விளக்கிலிருந்து தூசி கொட்டியது. காதை மூடியிருந்தும் நெஞ்சில் யாரோ தட்டியது போல இருந்தது. பக்கத்துத் தடங்களில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நண்பர் முகத்தில் தேர் நிலைக்கு வந்த களை. இரண்டாவது குண்டு மாட்டிக்கொண்டது. தட்டி எடுத்து மூன்றாவதைச் சுட்டார். நான்காவது மறுபடி மாட்டியது.

அடுத்த தடத்தில் எழுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. கையில் பழைய .22, சின்னத் தோட்டா போடுகிற துப்பாக்கி. அவருடைய இலக்குத் தாளைப் பார்த்தேன், பத்து ஓட்டையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும். அவர் சிரித்துக்கொண்டே நண்பரிடம், "எந்தக் குறையை ஈடுகட்ட இவ்வளவு பெரிசு?" என்று கேட்டுக் கண்ணடித்தார்.

நண்பரும் சிரித்தார். ஆனால் உடனே பெட்டியை மூடிவிட்டார். வீடு வரும்வரை நாற்பது மைல், வாயே திறக்கவில்லை.

பெரிய பிக்கப் வண்டி வைத்திருந்தாலும் இங்கே இதையேதான் சொல்வார்கள், தேய்ந்துபோன நக்கல். இருந்தாலும் கேட்கிறேன். இதில் உண்மை ஏதாவது இருக்கிறதா? இல்லை, சும்மா வாய்க்கு வந்ததா?

#2 வெத்துவேட்டு

குறைகுடம் தளும்பும் என்று நம்ம பாட்டிகள் சொல்லாததையா அந்தத் தாத்தா சொல்லிவிட்டார்.

அது கிடக்கட்டும், புலிக்கோடு போட்ட தங்கத் துப்பாக்கி என்றீர்களே, படம் போடுங்கள். பார்க்காமல் எனக்கும் தூக்கம் வராது.

#3 குறிவைப்பவன்

பதினைந்து வருடமாகச் சுடுகிறேன், அரிசோனாவில். முதலில் ஒரு கேள்வி. உங்கள் நண்பர் இடது உள்ளங்கையை அடியில், தோட்டா அடுக்கும் மேகசினுக்குக் கீழே தாங்கலாக வைத்துப் பிடித்தாரா? சாஸரில் காப்பி டம்ளரை ஏந்துகிற மாதிரி?

அப்படிப் பிடித்தால் டெசர்ட் ஈகிள் மாட்டத்தான் செய்யும். அதன் மேகசின் உள்ளே கொஞ்சம் ஆட்டத்தோடு நிற்க வேண்டும். அடியிலிருந்து அழுத்தினால் தோட்டா ஏறும் கோணம் மாறிவிடும். மணிக்கட்டைத் தளர்த்தினாலும் இதே கதை. துப்பாக்கியைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைச் சினிமாச் சாமான் என்று நினைப்பவர்களுக்காக. மினசோட்டாவில் 1979இல் தொடங்கிய மேக்னம் ரிசர்ச் என்ற சின்ன நிறுவனத்தின் யோசனை இது. வேட்டைக்கும், இரும்புத் தகட்டு உருவங்களைத் தூரத்தில் நிறுத்திச் சுடும் போட்டிக்கும் மேக்னம் தோட்டா போடுகிற ஒரு தானியங்கி பிஸ்டல் வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். அதைச் செதுக்கி உற்பத்திக்குக் கொண்டுவந்தது இஸ்ரேலின் அரசு ஆயுதத் தொழிற்சாலை. அதனால்தான் இஸ்ரேல் ராணுவம் இதை வைத்திருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை, அவர்கள் வழக்கமாக இடுப்பில் கட்டுவது சாதாரண 9 எம்எம்.

சாதாரண பிஸ்டல் பின்னுதைப்பிலேயே இயங்கும். இதில் ரைஃபிள் மாதிரி, வெடிமருந்தின் வாயுவைக் குழலில் உள்ள சின்னத் துளை வழியாகப் பிடித்து இயங்கும் ஏற்பாடு. அந்தத் துளை அடைத்துக்கொள்ளும் என்பதால் செம்பு உறை போடாத வெறும் ஈயக் குண்டு இதற்கு ஆகாது. எடையும் இருக்கிறது, வாயு ஏற்பாடும் இருக்கிறது, அதனால் பார்க்கிற அளவுக்கு உதைக்காது. இதே வேகத் தோட்டாவை ஒல்லியான ரிவால்வரில் போட்டுச் சுட்டுப் பாருங்கள், அப்புறம் இது தங்கமான பிள்ளை என்பீர்கள்.

#4 டல்லாஸ்வாசி

அதேதான்! காப்பி டம்ளர் பிடி! நானும் அப்படித்தான் பிடித்தேன். நான் சுட்ட மூன்றில் ஒன்று மாட்டியது.

ஒரு சந்தேகம். ஏன் சரியாக .50? .52, .55 என்று போகாமல்?

#5 குறிவைப்பவன்

சட்டம். அமெரிக்காவில் குழலின் உள்விட்டம் அரை அங்குலத்தைத் தாண்டினால், சில விதிவிலக்குகள் தவிர, அது 'அழிவு ஆயுதம்' என்ற பிரிவில் போய்விடும். கையெறிகுண்டு உட்காரும் வரிசை. தனிப் பதிவு, தனி வரி, தலைவலி. அதனால் அரை அங்குலம் என்பது எல்லைக் கல். எல்லைக் கல்லில் போய்த் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறது இந்தத் துப்பாக்கி.

உள்ளே ஏழு தோட்டா. தோட்டா ஒன்றின் விலை இரண்டு டாலருக்கு மேல்.

#6 ஆஸ்டின்அக்கா

நான் தினமும் ஒரு பிஸ்டல் வைத்திருக்கிறேன், கைப்பைக்குள் தனி அறையில். சிக் பி365. அரைக் கிலோதான். உங்கள் நண்பருடையதில் நான்கில் ஒரு பங்கு. தோட்டா பத்து. யார் கண்ணிலும் படாது, படக்கூடாது என்பதற்குத்தான் வாங்கினேன். 2018இல் அது வந்ததிலிருந்து இங்கே மறைத்து வைத்துக்கொள்கிறவர்கள் அந்த ரகத்தைத்தான் கேட்கிறார்கள்.

2023இல் ப்யூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில், துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்களில் 72 சதவீதம் பேர் பாதுகாப்பை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். சரி, பாதுகாப்புதான் காரணம் என்றால் தங்க முலாமும் புலிக்கோடும் எந்தத் திருடனுக்காக? இரண்டு கிலோவை இடுப்பில் கட்டினால் கால்சட்டை நிற்காதே. பயப்படுகிறவர் சின்னதாகப் பார்த்து வாங்குவார் என்பதுதான் என் அனுபவம். இதை வாங்குபவருக்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் உள்ளே நுழைந்ததும் கவுண்டரில் இருந்தவர் கேட்காமலே ரோஸ் நிறத் துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்தார். கூட வந்த என் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கியில் அக்கறையே இல்லை. அவர் முன்னால் ஒரு பெரிய வெள்ளி ரிவால்வர் வந்து உட்கார்ந்தது. யாருக்கு என்ன குறை என்று கடைக்காரர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்.

#7 மனக்கணக்கு

உளவியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் நான் வந்துதான் ஆக வேண்டும்.

இந்தச் சங்கதியின் வேர் ஆல்ஃபிரட் ஆட்லர். வியன்னா மருத்துவர், 1911இல் ஃப்ராய்டோடு முறித்துக்கொண்டவர். உடலில் ஓர் உறுப்பு பலவீனமாக இருந்தால், உடம்பும் மனசும் சேர்ந்து அதை ஈடுகட்டப் பார்க்கும், சில சமயம் தேவைக்கு மேலேயே போய்விடும் என்று 1907இல் எழுதினார். அவருக்குப் பிடித்த உதாரணம் திக்குவாய் டெமாஸ்தனிஸ், கூழாங்கல்லை வாயில் போட்டுப் பழகிக் கிரேக்கத்தின் பெரிய பேச்சாளர் ஆனார் என்கிற கதை. கவனியுங்கள், ஆட்லரிடம் இது கேலிப் பேச்சு இல்லை. மனிதன் முன்னேறுவதே இப்படித்தான் என்றார். துப்பாக்கியை ஆணுறுப்போடு முடிச்சுப் போட்டது ஃப்ராய்டின் கனவு விளக்கம். இரண்டையும் ஒன்றாகக் கலக்கிக் குடித்ததுதான் சுடுதளத் தாத்தாவின் நக்கல்.

ஆய்வுக்கு வருவோம். ராப் வில்லர் என்ற சமூகவியலாளரும் உடனிருந்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்துவிட்டு, பாதிப் பேரிடம் பொய்யாக, "உன் பதில்கள் பெண்களுடையது மாதிரி இருக்கின்றன" என்று சொன்னார்கள். அப்படிச் சீண்டப்பட்ட ஆண்கள் போருக்கு அதிக ஆதரவு காட்டினார்கள், பெரிய எஸ்யூவி வண்டி வாங்க அதிக ஆசை காட்டினார்கள். பெண்களை மாற்றிச் சீண்டியபோது ஒன்றும் நடக்கவில்லை. ஆக, 'மிகை ஈடு' என்பது வெறும் கதை இல்லை.

ஆனால் துப்பாக்கி விஷயத்தில் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். டெரன்ஸ் ஹில் குழுவினர், 2024, அமெரிக்க ஆண்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில்களை வைத்து. அந்த உறுப்பின் அளவு பற்றி அதிருப்தி இருப்பவர்கள் அதிகமாகத் துப்பாக்கி வைத்திருக்கிறார்களா? விடை தலைகீழ். அதிருப்தி அதிகமானவர்களிடம் துப்பாக்கி குறைவு.

#8 வெத்துவேட்டு

அப்படியென்றால் கண்ணடித்த அந்தத் தாத்தாவின் கையில் .22 இருந்தது ஏன் என்று நாம் பேசலாமா?

#9 நடுவர்

பேச வேண்டாம்.

#10 ஓய்வுபெற்ற_சுபேதார்

தம்பிகளுக்கு வணக்கம். இருபத்தாறு வருடம் காலாட்படை. நான் சொல்வது ரொம்பச் சாதாரண விஷயம்.

ராணுவத்தில் பிஸ்டலை வைத்து யாரும் சண்டை போடுவதில்லை. சண்டைக்கு ரைஃபிள். பிஸ்டல் இடுப்பில் தொங்கினால் அவர் அதிகாரி என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் வாள் தொங்கிய இடத்தில் இப்போது இது தொங்குகிறது. ஆகவே கைத்துப்பாக்கி என்றாலே பாதி அடையாளம், பாதி ஆயுதம். இதைப் புரிந்துகொண்டால் தங்க முலாம் ஆச்சரியமாக இருக்காது.

எங்களிடம் இருந்தது இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்த 9 எம்எம் ஆட்டோ 1ஏ. பெல்ஜியத்தின் பிரௌனிங் ஹை-பவர், 1935ஆம் வருட மாடல், அதன் நகல். பதின்மூன்று தோட்டா. பெயிண்ட் உதிர்ந்து, பிடி தேய்ந்து, உறையில் எண்ணெய் வாடையோடு கிடக்கும். 2011 அக்டோபர் 20, லிபியாவின் சிர்ட் நகரில் கடாஃபியைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து இழுத்துப் போட்ட அன்று ஓர் இளைஞன் தங்கத் துப்பாக்கி ஒன்றைத் தூக்கிக் காட்டிய படம் உலகமெங்கும் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதுவும் இதே ஹை-பவர்தான். நாங்கள் துணியால் துடைத்து வைத்த அதே சாமான், மேலே தங்கமும் பூ வேலையும். மெஸ்ஸில் டிவியில் பார்த்தபோது என் பக்கத்தில் இருந்த ஹவில்தார், "சார், நம்ம பிஸ்டலுக்குக் கல்யாணம் ஆயிருச்சு" என்றார்.

சதாமையும் பாருங்கள். 2003இல் அந்தக் குடும்பத்தின் மாளிகைகளில் தங்க ஏ.கே. துப்பாக்கிகளாக எடுத்தார்கள். ஆனால் அதே டிசம்பரில் அத்-தவ்ர் பக்கம் பண்ணைக் குழிக்குள் அவரைப் பிடித்தபோது கூட இருந்தது கறுப்பு கிளாக் 18சி பிஸ்டல். உயிருக்குப் பயந்து ஒளிகிறவன் கையில் தங்கம் எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த கிளாக் புஷ்ஷுக்குப் பரிசாகப் போய், அப்புறம் உங்கள் டல்லாஸில் இருக்கும் அவருடைய நூலகத்துக்கே வந்துவிட்டது.

#11 பழையஏடு

சுபேதார் ஐயா சொன்னதை ஔவையார் சொல்லிவிட்டுப் போய் ரொம்ப நாளாயிற்று. புறநானூறு 95.

அதியமானுக்காகத் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கொட்டிலைப் பெருமையாகத் திறந்து காட்டுகிறான். ஔவை பார்க்கிறார். இங்கே இருக்கும் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ, பகைவரைக் குத்திக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அவ்வளவுதான் சொல்கிறார். திட்டு ஒரு சொல் கூடக் கிடையாது. தொண்டைமானுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கியிருக்குமா?

பீலிக்குப் பதில் புலிக்கோடு. நெய் பூசுவது மட்டும் மாறவில்லை.

#12 குறிவைப்பவன்

அய்யா, பாட்டு அருமை. ஆனால் அழகு பண்ணினால் வெத்து என்று அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்க ஜெனரல் பேட்டன் இருக்கிறாரே. தந்தப் பிடி போட்டு, வெள்ளி முலாம் பூசி, சித்திர வேலை செய்த கோல்ட் .45 ரிவால்வர், 1916இல் எல் பாசோவில் வாங்கியது. அதைக் கட்டிக்கொண்டுதான் அதே வருடம் மெக்சிகோவில் புரட்சித் தலைவன் பான்சோ வியாவின் ஆட்களோடு நேருக்கு நேர் சுட்டுச் சண்டை போட்டார். இரண்டாம் உலகப் போரில் பட்டாளமே அந்தப் பிடியைப் பார்த்துத்தான் அவரை அடையாளம் கண்டது. பந்தா உண்டு, வேலையும் உண்டு.

பெரிய அளவு விஷயத்திலும் அப்படித்தான். 1847இல் வந்த கோல்ட் வாக்கர் ரிவால்வரும் இரண்டு கிலோதான், உங்கள் டெசர்ட் ஈகிளுக்குச் சமம்! டெக்சாஸ் ரேஞ்சரான சாமுவேல் வாக்கர், மெக்சிகோ போருக்குப் போகும் நேரத்தில் கேட்டுச் செய்ய வைத்தது. கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்த சாமுவேல் கோல்ட்டுக்கு மறுவாழ்வு கொடுத்த ஆர்டர் அது. ஆனால் அதை எவனும் இடுப்பில் கட்டவில்லை. சேணத்தில் இரண்டு பக்கமும் உறை, எடையைச் சுமந்தது குதிரை. சுட்ட வேகத்தில் அடியில் இருக்கும், குண்டை அழுத்தி இறுக்கும் கோல் தானாகத் தொங்கித் தோட்டா உருளையைப் பூட்டிவிடும் என்பதால் குழலோடு சேர்த்துத் தோல்வாரால் கட்டிவைத்தார்கள். அசல் சாமான்களில் பழுது இப்படித்தான் இருக்கும்.

கரடிக் காட்டுக்குப் போகிறவன் பெரிய துப்பாக்கி எடுத்துப் போவதில் என்ன தப்பு? 2003இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த .500 ரிவால்வரை அலாஸ்காவில் நிஜமாகவே கட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

#13 ஆஸ்டின்அக்கா

டல்லாஸ் புறநகரில் கரடி இல்லை, தம்பி. அணில் இருக்கிறது.

கிரீன்லாந்தில் நாய் வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர் பனிக்கரடிக்காக வைத்திருக்கும் கைத்துப்பாக்கி எது தெரியுமா? 10 எம்எம் கிளாக். கறுப்பு, சப்பை, அழகே கிடையாது.

#14 டொரன்டோ_பெடியன்

நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே 2022 அக்டோபர் 21இல் இருந்து கைத்துப்பாக்கி விற்கவும் வாங்கவும் கைமாற்றவும் தடை, ஆகவே பெரிசா சின்னனா என்ற கதைக்கே இடமில்லை.

எனக்கு வேற ஒரு விஷயம் உறுத்துது. எல்லாரும் பெரிய துப்பாக்கியைப் பற்றியே கதைக்கிறீங்கள். சரித்திரத்தை மாற்றின துப்பாக்கிகளை எடுத்துப் பாருங்கோ. லிங்கனைச் சுட்டது ஒற்றைத் தோட்டா டெரிஞ்சர், உள்ளங்கைக்குள் அடங்கும். ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டது .32, கைக்குட்டையால் மூடி வைத்திருந்தான். ராபர்ட் கென்னடியைச் சுட்டது .22. ரீகன் மேல் பட்டதும் .22. காந்தியைச் சுட்ட பெரெட்டாவும் சின்னக் கறுப்புப் பிஸ்டல்தான். கொல்ல வந்தவன் ஒருவனும் புலிக்கோடு தேடவில்லை.

ஒருவன் மட்டும் தேடினான். 1881இல் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்ட கிட்டோ. துப்பாக்கி வாங்கப் போன இடத்தில் தந்தப் பிடி போட்டதில் அவனுக்குக் கண். பின்னால் அருங்காட்சியகத்தில் வைத்தால் வடிவாக இருக்கும் என்ற யோசனை! அந்தத் துப்பாக்கி கடைசியில் எங்கேயோ தொலைந்து போச்சுது.

ராபர்ட் கென்னடி கொலைக்குப் பிறகு அதே 1968இல் அமெரிக்கா துப்பாக்கிச் சட்டம் கொண்டுவந்ததே, அதில் இன்னும் பெரிய பகிடி. மலிவான சின்னத் துப்பாக்கிதான் ஆபத்து என்று முடிவு கட்டி, இறக்குமதியாகும் கைத்துப்பாக்கிக்குப் புள்ளி முறை வைத்தார்கள். எடை கூடினால் புள்ளி, நீளம் கூடினால் புள்ளி, தோட்டா பெரிசானால் புள்ளி. பரீட்சையில் பாஸானால்தான் உள்ளே வரலாம். உங்கட சினேகிதரின் துப்பாக்கி மாதிரி ஒன்று அந்தப் பரீட்சையில் முதலாம் பிள்ளை.

#15 குறிவைப்பவன்

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. இதே வரிசையில் அரசாங்கமே மிகை ஈடு செய்த கதையும் இருக்கிறது.

1986 ஏப்ரல் 11, மயாமி. எஃப்பிஐ ஆட்கள் எட்டுப் பேர், வங்கிக் கொள்ளையர் இரண்டு பேர். கொள்ளையரில் ஒருவனிடம் மினி-14 ரைஃபிள். ஆரம்பத்திலேயே அவன் மேல் பாய்ந்த 9 எம்எம் குண்டு இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது, அவன் தொடர்ந்து சுட்டான். எஃப்பிஐயில் இரண்டு பேர் இறந்தார்கள், ஐந்து பேருக்குக் காயம்.

ரைஃபிளுக்கு எதிராகப் பிஸ்டலோடு போனதுதான் அடிப்படைச் சிக்கல். ஆனால் பழி பெருமளவு அந்தச் சின்னத் தோட்டா மேல் விழுந்தது. உடனே 10 எம்எம், பெரிய கனமான பிஸ்டல். அதன் முழு வேகத் தோட்டா பலருக்குக் கை தாங்கவில்லை. சரி, மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த பிறகு இவ்வளவு நீளத் தோட்டா எதற்கு என்று அதை வெட்டிக் குட்டையாக்கினார்கள், 1990இல் .40 பிறந்தது. அதையும் கொஞ்ச காலம் சுமந்துவிட்டு, 2016 வாக்கில் மறுபடி 9 எம்எம். முப்பது வருடம் சுற்றி, கிளம்பின வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள். இதற்குள் குண்டுகளின் தரம் ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடிபட்டவன் அடுத்த தடவை பெரிய தடியாகத் தேடுவான். அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை, இரண்டு பேர் செத்திருக்கிறார்கள்.

#16 புதுவரவு_77

அத்தனை பேரும் துப்பாக்கியைக் கொஞ்சிக் குலாவுகிறீர்கள், அசிங்கமாக இல்லையா? பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் சாகும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு தங்கமா வெள்ளியா என்று பட்டிமன்றம். அந்தத் தாத்தா கேட்டது சரி. இதை வாங்குகிற ஆண்கள் எல்லாருமே மனநோயாளிகள்தான்.

#17 ஆஸ்டின்அக்கா

உங்கள் கோபத்தில் பாதிக்கு நானும் பங்கு. என் மகன் படிக்கும் பள்ளியில் ஒளிந்துகொள்ளும் பயிற்சி வைக்கிறார்கள். மேசைக்கு அடியில் எப்படி மூச்சை அடக்கி உட்கார வேண்டும் என்று ஏழு வயதில் என்னிடம் செய்து காட்டினான்.

ஆனால் அந்த நக்கல் எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று சொல்கிறேன். பெரிசாக இருந்தால் ஆம்பளை, சிறிசாக இருந்தால் இல்லை. இது துப்பாக்கி வாங்கியவரின் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். கேலி செய்கிறவர் கையில் இருப்பதும் அதே அளவுகோல்தானே? அவர் அதைக் கீழே போடவில்லை, திருப்பிப் பிடித்து அடிக்கிறார். அடி வாங்கியவன் என்ன செய்வான்? மனக்கணக்கு சொன்ன ஆய்வையே பாருங்கள். "நீ ஆம்பளை இல்லை" என்று சீண்டினால் போருக்கு ஆதரவும் பெரிய வண்டியும் ஏறுகிறது. அப்படியானால் இந்த நக்கல் அடுத்த துப்பாக்கிக்கு விளம்பரம்.

இதைப் பொய்ப்பிக்கவும் வழியில்லை. பெரிசு வாங்கினால் ஈடுகட்டுகிறான். சிறிசு வாங்கினால் மறைக்கிறான். வாங்காவிட்டால் பயந்தவன். எந்தப் பக்கம் போட்டாலும் தலை விழுகிற காசு.

#18 மனக்கணக்கு

ஒத்துக்கொள்கிறேன். வகுப்பில் நானே அந்த ஜோக்கைச் சொல்லியிருக்கிறேன், இனி யோசிப்பேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பகட்டு எப்போதும் குறையிலிருந்து வருவதில்லை. மெக்சிகோ சிட்டியில் பாதுகாப்பு அமைச்சகத்துக்குள் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. போதைக் கும்பல்களிடம் பிடித்த துப்பாக்கிகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. தங்க முலாம், பிடியில் வைரத்தால் தலைப்பெழுத்து, குவாடலூப்பே மாதா, கடத்தல்காரர்கள் கும்பிடும் மால்வெர்டேயின் முகம். அந்தத் துப்பாக்கிக்காரர்களிடம் என்ன குறை? பணம் இருந்தது, ஆள் இருந்தது, கொல்லும் துணிச்சலும் இருந்தது. பதவிக்குச் சட்டை கிடையாது, தோளில் நட்சத்திரம் கிடையாது. ஆகவே நட்சத்திரத்தைத் துப்பாக்கியில் பதித்துக்கொண்டார்கள். சுபேதார் ஐயா சொன்ன வாள்தான்.

#19 ஓய்வுபெற்ற_சுபேதார்

எங்கள் ஊர்ப் பக்கம் கருப்பசாமிக்கு ஆள் உயரத்துக்கு மேல் அரிவாள் செய்து நேர்த்திக்கடனாக நட்டு வைப்பார்கள். திருப்பாச்சேத்தியில் அடித்து வருவது. அதைத் தூக்கவே நாலு பேர் வேண்டும், வெட்ட முடியாது. வெட்டவும் வேண்டாம், சாமி கையில் இருந்தால் போதும். பார்க்கிறவன் மனசில் வெட்டிவிடும்.

சாமிக்கு என்ன குறை என்று யாரும் கேட்டதில்லை. நான் கேட்க மாட்டேன்.

#20 டல்லாஸ்வாசி (அடுத்த ஞாயிறு)

ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நண்பரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். இந்த இழையையும் காட்டினேன், அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

காரணம் கவுண்டர் ஸ்ட்ரைக்.

2003 வாக்கில், மதுரையில் கல்லூரி. பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். பையன்கள் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து விளையாடுவார்கள். விளையாட்டில் அந்தத் துப்பாக்கிக்கு வேறு பெயர், ஆனால் டெசர்ட் ஈகிள்தான். விலை 650 டாலர், ஏழு தோட்டா, தலையில் பட்டால் பெரும்பாலும் ஒரே குண்டில் ஆள் காலி. இவரிடம் பெரும்பாலும் இருபது ரூபாய் இருக்காது. பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பாராம். யாராவது காசு கட்டிவிட்டுப் பாதியில் எழுந்து போனால், மீதிப் பத்து நிமிடம் இவருக்கு. அந்தப் பத்து நிமிடத்தில் வாங்குவது எப்போதும் அதையேதான்.

"இதுவும் ஈடுகட்டல்தானே?" என்று அவரே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தங்க நிறம் மட்டும் ஏன் என்று கேட்டேன். கடையில் அன்றைக்கு அது ஒன்றுதான் இருந்ததாம், தள்ளுபடியோடு.

நேற்று மறுபடி அதே சுடுதளத்துக்குப் போனோம். குறிவைப்பவன் சொன்ன மாதிரி, கையை அடியிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்தார், மணிக்கட்டையும் விறைப்பாக வைத்தார். ஏழுக்கு ஏழும் போனது. தாத்தாவும் வந்திருந்தார். இந்தத் தடவை கண்ணடிக்கவில்லை, எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் துப்பாக்கியை அவரிடம் நீட்டினார்.

தாத்தா ஒன்று சுட்டார். நெருப்புப் பந்து. கூரையிலிருந்து தூசி. மனிதர் ஐந்து வயதுப் பையன் மாதிரி சிரித்தார். இன்னொன்று கேட்டார், கொடுத்தோம். மூன்றாவதுக்குக் கேட்கக் கூச்சப்பட்டு, கவுண்டருக்குப் போய் இருபது தோட்டாப் பெட்டி ஒன்றைத் தன் காசிலேயே வாங்கி வந்து எங்கள் மேசையில் வைத்தார். அதில் பதினொன்று அவரே சுட்டுவிட்டார்.

#21 வெத்துவேட்டு

அதெல்லாம் சரி. படம்?

#22 டல்லாஸ்வாசி

போடுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், புலிக்கோடு நிஜமாகவே அசிங்கமாகத்தான் இருக்கிறது.